பலனாப்சிஸ் காய்த்தது, விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: பலனாப்சிஸ் ஆர்க்கிட் வளர்க்கிறேன். வெள்ளைப் பூச் செடியில் ஊதாப் பூவின் மகரந்தத்தைக் கையால் இட்டேன். இரண்டு காய்கள் பிடித்தன. ஒன்று ஒரு மாதத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. மற்றொன்று முற்றி வெடித்தது. உள்ளே மாவு போன்ற தூள்தான் இருந்தது. அதைத் தென்னை நார்க் கழிவில் தூவி, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: அந்தத் தூள்தான் விதை. முளைக்காததற்கு உங்கள் பராமரிப்பு காரணமல்ல. ஆர்க்கிட் விதையைத் தூவி முளைக்க வைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

முதலில் உதிர்ந்த காயைப் பார்ப்போம். பெரும்பாலான பயிர்களில் பூ விரியும்போதே சூல்கள், அதாவது பின்னால் விதையாக மாறும் பகுதிகள், தயாராக இருக்கும். பலனாப்சிஸில் அப்படி இல்லை. பூ விரியும் நாளில் சூலகத்துக்குள் சூல்களே உருவாகியிருக்காது. அவை தோன்ற வேண்டிய திசுவின் மேடுகள் மட்டுமே இருக்கும். மகரந்தத் திரள் சூல்முடியின் பசையில் ஒட்டிய பிறகுதான் செடி வேலையைத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் இதழ்கள் தொங்கும், காம்பு தடிக்கும், பச்சையேறும். மகரந்தக் குழல்கள் சூலகத்துக்குள் இறங்கி, சூல்கள் முதிரும்வரை அங்கேயே காத்திருக்கும். கருவுறுதல் நடக்க ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும்.

ஆகவே ஒரு மாதத்தில் விழுந்த காயில் கருவே உண்டாகியிருக்காது. வீங்கிய காயைப் பார்த்து விதை பிடித்துவிட்டது என்று நம்புவதுதான் இந்தச் செடியில் பலரும் ஏமாறும் இடம். மகரந்தத்தின் வேதிப்பொருள் மட்டுமே பூவை இவ்வளவு மாற்றிவிடும். ஹான்ஸ் ஃபிட்டிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் மகரந்தச் சாற்றைத் தடவியே ஆர்க்கிட் பூ வாடுவதையும் அதன் நடுத்தண்டு (மகரந்தமும் சூல்முடியும் அமைந்த பூவின் நடுப்பகுதி) வீங்குவதையும் 1909-இலேயே காட்டினார். காய் பாதியில் உதிர்ந்தால் பழைய மகரந்தம், இரண்டு செடிகளும் ஒத்துப்போகாமை, தாய்ச்செடியின் நலிவு ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். பூக்கடைகளுக்காக உருவாக்கப்பட்ட கலப்பினங்கள் பலவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை ஒழுங்காக இருப்பதில்லை. அவற்றில் காய் நின்றாலும் விதை பதராகவே போகும்.

உங்களிடம் மிச்சத் தூள் இருந்தால் சிறிது எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீரில் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். இரு முனையும் கூரான, வலைக்கண் போட்ட ஒளிபுகும் உறை தெரியும். அதன் நடுவில் முட்டை வடிவில் ஒரு சிறு திரட்சி இருந்தால் அது கரு. உறை மட்டும் வெறுமையாக இருந்தால் பதர். பாதிக்கு மேல் வெறும் உறையாக இருந்தால் அந்த இணையைக் கைவிட்டுவிடுவதே நல்லது.

கரு இருந்தும் ஏன் முளைக்கவில்லை? நெல்லிலும் சோளத்திலும் கருவுக்குப் பக்கத்தில் உணவுத் திசு இருக்கிறது. ஆர்க்கிட்டில் அது தோன்றுவதே இல்லை, அல்லது தொடக்கத்திலேயே அழிந்துவிடுகிறது. கருவுக்கு வித்திலையும் கிடையாது, வேர் முனையும் கிடையாது. சில நூறு செல்களின் உருண்டைதான். இயற்கையில் ஒரு பூஞ்சை அதற்குள் புகுந்து சர்க்கரை ஊட்டினால்தான் முளைக்கும். நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1899-இல் இதைக் கண்டறிந்தார். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சர்க்கரை சேர்த்த அகாரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழில்), பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார். இன்றைய திசு வளர்ப்புக் கூடங்கள் (கிருமியில்லாக் குடுவையில் செடி வளர்க்கும் ஆய்வகங்கள்) செய்வது இதைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: காய் வெடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். மகரந்தமிட்டு நான்கு மாதங்கள் ஆனதும் பச்சையாகவே பறித்துத் திசு வளர்ப்புக் கூடத்துக்குக் கொடுங்கள். மூடிய காயின் உட்புறத்தில் கிருமி இருக்காது. மேல்தோலைச் சுத்தம் செய்து அறுத்தால் போதும். முற்றிய விதையின் உறை தடித்து நீரை விலக்கும், வெடித்தவுடன் பூஞ்சையும் தொற்றிவிடும், பிறகு ரசாயனக் கரைசலில் கழுவியே ஆக வேண்டும். குடுவையில் முதலில் வருவது நாற்றல்ல. புரோட்டோகார்ம் என்ற பச்சைக் குமிழ். அதிலிருந்துதான் இலை எழும்பும். நட்டுப் பூப்பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நோக்கம் பிடித்த பூவை அப்படியே பெருக்குவது என்றால் விதை வழி வேண்டாம். கலப்பின விதையில் வரும் செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதற்குத் திசு வளர்ப்பில் நகலெடுத்த கன்றுகளே சரி. புதிய நிறம் தேடுவதானால் தொடருங்கள். அப்போது அன்றே விரிந்த பூவைத் தவிர்த்து, விரிந்து சில நாட்களான பூவில் மகரந்தமிடுங்கள். ஒரு பூந்தண்டில் ஒரு காய்க்கு மேல் விடாதீர்கள். இட்ட தேதியையும் பெற்றோர் பெயர்களையும் காம்பில் சீட்டாகக் கட்டிவிடுங்கள்.