ராணுவத்தில் ஓய்வுபெற்ற யூனிமாக்கில் (மெர்சிடிஸ்-பென்ஸின் நான்கு சக்கர இழுவை டிரக்) கேம்பர் பெட்டியை, அதாவது தங்கிப் பயணிக்கும் அறையை, நேராக சேஸியில் போல்ட் போட்டு இறுக்கலாமா?

கூடவே கூடாது. ஜெர்மன் ராணுவம் ஓட்டிய யூனிமாக் யு1300எல் சேஸி, மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொடுக்கவே செய்யப்பட்டது. பெட்டி அப்படி முறுக்காது. நேராக இறுக்கினால் முதலில் கதவு பிடிக்கும், பிறகு மூலை வெல்டிங்கில் மயிரிழை விரிசல் ஓடும். சேஸிக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்று தாங்குமுனைத் துணைச்சட்டம் போடுங்கள்: இரண்டு முனை அசையாதவை, மூன்றாவது நடுவில் சுழலும் பிவட். கேபினிலிருந்து பெட்டிக்குள் வழி வைத்தால் இடையில் ரப்பர் பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் மடிப்பு இணைப்பு) கட்டாயம்.

இதற்கெல்லாம் முன்னால் நான்கு சக்கர ஹப் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். போர்டல் ஆக்சில் (சக்கர மையத்துக்கு மேலே அமைந்து, ஹப்புக்குள் கியர் உள்ள அச்சு) என்பதால் ஒவ்வொரு ஹப்புக்கும் தனி ஆயில். பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். சீல் மாற்றியே ஆக வேண்டும்.

வண்டி 24 வோல்ட்; இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்திருக்கும். ஃபிரிட்ஜுக்காக ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் எடுத்தால், அது இறங்கிப்போக மற்றது ஓவர்சார்ஜ் ஆகும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வையுங்கள்.