வெள்ளை பூத்த மண்டலின்

வணக்கம் ஐயா,

மகோகனிப் பலகையில் என் கையாலேயே ஒரு மண்டலின் செய்திருக்கிறேன். சீலர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஒன்பது கோட் ஸ்பிரே பண்ணியாயிற்று. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் நெடுக ஊசித்துளைகள் தெரிகின்றன. மழை நாளில் அடித்த கடைசிக் கோட் வெளுத்தும் போய்விட்டது. இன்னும் நாலு கோட் அடித்தால் எல்லாம் மூடிவிடும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா? பிறகு கார் பொலிஷ் போட்டால் பளபளப்பு வருமா?

ர., கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

அடிக்காதீர்கள். கடைக்காரருக்கு இன்னொரு டின் விலைப்படும், அவ்வளவுதான்.

என்.சி. லாக்கர் காய்வது தின்னர் ஆவியாகிப் போவதால். டின்னில் இருப்பதில் ஏறக்குறையக் கால்வாசிதான் மரத்தில் தங்கும். தின்னர் கலந்து அடிக்கையில் அதிலும் குறையும். மகோகனி வாய் திறந்த துளைகளுள்ள மரம். அந்தத் துளைக்குள் இறங்கிய லாக்கர் அடித்த அன்று மட்டமாகத்தான் தெரியும். இரண்டு வாரம் போனதும் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனை கோட் போட்டாலும் இதே கதைதான். வீணைக்கு எடுக்கும் பலாவிலும் இந்தத் தொல்லை உண்டு.

துளையை அடைக்கத் தேவை பில்லர் என்ற நிரப்புப் பசை. சீலர் அந்த வேலையைச் செய்யாது. மரத்தைவிட ஒரு சாயல் கறுத்த பில்லராக வாங்குங்கள். வெளிறியது வாங்கினால் மகோகனி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மர ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து, இறுகத் தொடங்கும்போது பழைய போன் கார்ட் ஒன்றால் மிச்சத்தை வழித்தெடுங்கள். கொழும்புக் காற்றில் டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம், இரண்டு நாள் விடுங்கள். பிறகு மரக்கட்டையில் சுற்றிய 320 நம்பர் தேய்ப்புத் தாளால் மட்டம் பண்ணி, இன்னொரு தடவை பில்லர். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் விழும். அது லாக்கர் ஏறிய பிறகுதான் கண்ணில் படும்.

இப்போது ஏறியிருக்கும் ஒன்பது கோட்டையும் முழுக்க உரிக்கத் தேவையில்லை. பள்ளம் மறையும்வரை தேய்த்து இறக்குங்கள். மறையாத இடத்தில் மரம்வரை போய், அங்கே மட்டும் பில்லர் போடுங்கள். விளிம்புகளில் கவனம். முதலில் மரம் வெளிப்படுவது அங்கேதான்.

இனி அந்த வெளுப்பு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக் காற்று அந்தக் குளிரில் பட்டு நுண்ணிய நீராகப் படிந்து, காயும் லாக்கருக்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே குற்றம் மண்டலினில் இல்லை, அன்றைய காற்றில். ரிட்டார்டர் என்று ஒரு மெதுவான தின்னர் உண்டு. அதைத் தின்னரோடு கலந்து, காய்ந்த நாளொன்றில் மெல்லிய புகைபோல ஒரு தடவை வீசினால் மேல்தோல் இளகி ஈரம் வெளியேறும், வெளுப்பும் போகும். பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு ஒன்றாவதுதான் இந்த லாக்கரின் நல்ல குணம். பொலியூரித்தேனில் இந்த வித்தை நடக்காது.

அடுத்த முறை ஈரப்பதமானி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் ரிட்டார்டர் இல்லாமல் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடாதீர்கள். கொழும்பில் விடியற்காலை காற்று கனமாக இருக்கும். முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்றுவரை பரவாயில்லை. கம்ப்ரசர் தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்துபாருங்கள், தண்ணீர் ஓடும். அடிக்குமுன் அதை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீர்தான் லாக்கரோடு சேர்ந்து வாத்தியத்தில் விழும்.

மாத்தளைப் பக்கம் அரக்கு வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் ஒட்டுகிறார்கள். தின்னரே கிடையாது. நமக்கு அந்த வழி சரிவராது, மண்டலின் உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது. ஆனால் அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றும் பிரெஞ்சு பொலிஷ் இருக்கிறதே, பிளாட்டில் இருந்து செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். நைட்ரோசெல்லுலோஸ் என்பது பழைய சினிமாச் சுருள் செய்த அதே சாமான். பற்றினால் நிற்காது. காஸ் அடுப்பு இருக்கிற சமையலறைக்குப் பக்கத்துப் பல்கனியில் அதை ஸ்பிரே பண்ணுவது பைத்தியக்காரத்தனம். தீயில்லாத திறந்த இடம் வேண்டும், கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் காட்ரிட்ஜ் முகமூடியும் வேண்டும். கோவிட் காலத்து மாஸ்க் எதற்கும் உதவாது.

கடைசிக் கோட் முடிந்ததும் மூன்று நான்கு கிழமை தொங்கவிடுங்கள். மூக்கை வைத்து முகர்ந்தால் தின்னர் மணக்கிறதா? அப்படியானால் இன்னும் காயவில்லை. மணம் போன பிறகு 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் போதும். மினுக்கம் எல்லா இடத்திலும் ஒரேயடியாகச் செத்து மங்கலானால் மட்டம் வந்துவிட்டதென்று அர்த்தம். மினுங்கும் புள்ளி மிஞ்சியிருந்தால் அது பள்ளம். அதன்பிறகுதான் மினுக்கும் பசையான ரப்பிங் கொம்பவுண்ட்.

கார் பொலிஷைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். பின்னால் ஒரு கீறலுக்கு லாக்கர் தொட நேர்ந்தால் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும்.

கண்ணாடி வழவழப்பில் எனக்கு அவ்வளவு மோகமில்லை. முன்பலகையில் லாக்கர் தடித்தால் நாதம் அமுங்கும். மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று போதும். கழுத்தின் பின்புறத்தை மினுக்கவே வேண்டாம், வியர்வையில் கை ஒட்டும். நைஸ் ஸ்டீல் வூலால் மங்கலாக்கி விடுங்கள்.

நீங்கள் எழுதியது ஒக்டோபர் கடைசியில். இந்த மழை ஓயட்டும். தேய்ப்பதையும் பில்லரையும் இப்போதே முடித்துவிட்டு, லாக்கரை ஜனவரிக்குத் தள்ளிப்போடுங்கள். பிறெட் (கழுத்தின் உலோகக் கட்டைகள்) வேலை மிச்சமிருந்தால் இடையில் அதைப் பார்க்கலாம்.