பாலி பாட்டி யார் வீட்டுப் பெண்?

கேள்வி: ஐயா, என் கணவர் கென்டக்கிக்காரர். அவர்கள் வீட்டுப் பழைய பைபிளின் நடுப்பக்கத்தில், ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் பெயர் ‘பாலி’ என்று மட்டும் இருக்கிறது. பிறப்பு 1780, கல்யாணம் 1799, இறப்பு 1856. எஸ்டில் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), ஸ்டேஷன் கேம்ப் க்ரீக் என்ற ஓடை ஓரம் நிலம் வைத்திருந்தார்கள். தாத்தா, அமெரிக்கா பிரிட்டனோடு போட்ட 1812 போருக்குப் போனார், பாட்டிக்கு முன்பே இறந்துவிட்டார் என்று பேச்சு. 1850 கணக்கெடுப்பில் பாட்டி மகன் வீட்டில் இருக்கிறார்: வயது 70, பிறந்தது வர்ஜீனியா. அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் இணையத்தில் ஒரு வம்ச மரத்தில் பிரையன், இன்னொன்றில் ஹாரிஸ். என் மாமியாரோ, “அவள் டேனியல் பூனுக்கு உறவு” என்கிறார், கென்டக்கிக்கு முதல் குடியேறிகளைக் கூட்டிவந்த அந்தப் பிரபல பூன்தான். எஸ்டில் கவுண்டிக் கல்யாணப் பதிவுகளில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தவறு? – ஒரு வாசகி, லெக்சிங்டன், கென்டக்கி

பதில்: தவறு உங்களுடையது இல்லை சகோதரி, வரைபடத்துடையது. 1799-இல் எஸ்டில் கவுண்டி என்று ஒன்றே கிடையாது. 1808-இல்தான் மேடிசன், கிளார்க் என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து துண்டு வெட்டி அதை உண்டாக்கினார்கள். உங்கள் பாட்டி அதே ஓடைக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், கவுண்டி அவரைத் தாண்டிப் போயிருக்கும். காகிதங்கள் கூடவே போகாது. பழைய கவுண்டியின் கோர்ட்டிலேயே தங்கிவிடும். ஆகவே முதலில் மேடிசனின் தலைநகரான ரிச்மண்ட், அடுத்து கிளார்க்கின் வின்செஸ்டர். ரிச்மண்ட் என்றதும் வர்ஜீனியாவுக்குப் போய்விடாதீர்கள், இது கென்டக்கியில் இருப்பது.

இதில் ஏமாந்தவர் நீங்கள் மட்டுமல்ல. ஆபிரகாம் லிங்கனின் பெற்றோருக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்று ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசியது ஒரு காலம். காரணம், ஜனங்கள் தேடியது அவர்கள் குடியிருந்த ஹார்டின் கவுண்டியில். கல்யாணம் நடந்ததோ வாஷிங்டன் கவுண்டியில், 1806 ஜூன் 12 அன்று. லிங்கன் சுடப்பட்டு 13 வருடம் கழித்து, 1878-இல்தான் அந்தக் காகிதம் வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்ட் கோர்ட்டில் கிடைத்தது. ஜனாதிபதியின் அம்மாவுக்கே இந்தக் கதி.

சரி, மேடிசனில் என்ன தேட வேண்டும்? கல்யாண ஜாமீன் பத்திரம். அந்தக் காலத்து வர்ஜீனியாவிலும், அதிலிருந்து 1792-இல் பிரிந்த கென்டக்கியிலும், மாப்பிள்ளை நேரே கோர்ட் கிளார்க்கிடம் போவார். “இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறேன்” என்று பத்திரம் எழுதிக் கொடுப்பார். கூட ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். பணம் கைமாறாது, வாக்குத்தான். எல்லோரும் மணப்பெண்ணின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த ஜாமீன்காரரை. போகிற வருகிற ஆள் 50 பவுண்டுக்குப் பொறுப்பேற்க மாட்டார். பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன், இல்லையென்றால் அக்கா புருஷன்.

உங்கள் கணக்கில் இன்னொரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. பாட்டி பிறந்தது 1780, கல்யாணம் 1799. அப்படியென்றால் 19 வயது. 21 நிரம்பாத பெண்ணுக்கு அப்பாவோ கார்டியனோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அது தனிப் பத்திரம் எல்லாம் இல்லை, உள்ளங்கை அகலத் துண்டுக் காகிதம். “கிளார்க் அவர்களுக்கு, என் மகளைக் கட்டிக்கொடுக்க எனக்குச் சம்மதம், லைசென்ஸ் கொடுக்கவும்” என்று யாரோ எழுதியிருப்பார்கள். எழுதத் தெரியாதவர் என்றால் கீழே ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு சாட்சி. நாலாக மடித்துப் பத்திரத்துக்குள் செருகியிருப்பார்கள். அச்சில் வந்த கல்யாண அட்டவணைகள் பலவற்றில் இந்தத் துண்டு ஏறியிருக்காது. ஆகவே அட்டவணையோடு நிற்காமல் மூலக் காகிதத்தின் படத்தைப் பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

மூலத்தைப் பார்க்கச் சொல்வதற்கு என் சொந்தச் சூடும் ஒரு காரணம். என் மருமகளின் குடும்பத்துக்காக இதே வேலையில் இறங்கினேன். டைப் அடித்த அட்டவணையில் மணப்பெண் பெயர் ‘லீ’ என்று இருந்தது. லீ என்றதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையை நடத்திய ஜெனரல் லீக்கே சொந்தமாகிவிட்டோம் என்று சம்பந்தி கேக் வெட்டினார். எட்டு மாதம் வர்ஜீனியாவின் லீ குடும்பங்களை ஒவ்வொன்றாகக் குடைந்தேன். அப்புறம் ஒரு நாள் மூலத்தை வரவழைத்துப் பார்த்தால், அது ‘ஸீ’. அந்தக் காலத்துக் கையெழுத்தில் பெரிய எல்லும் பெரிய எஸ்ஸும் இரட்டைப் பிள்ளைகள். அதே பக்கத்தில் ‘சாமுவேல்’ என்று ஒரு பெயர் இருந்தது, அதன் முதலெழுத்தோடு ஒப்பிட்டதும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கேக் வெட்டியவரிடம் இதைச் சொன்னது பெரிய சங்கடம். அதேபோல, சொல்லுக்குள் இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். ‘ராஸ்’ குடும்பத்தை ‘ராஃப்ஸ்’ என்று அட்டவணை போட்டிருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

பத்திரமே கிடைக்கவில்லை என்றாலும் உங்களுக்கு இரண்டு வாசல் திறந்திருக்கிறது. இரண்டுமே பாட்டி 1850-களின் நடுவில் உயிரோடு இருந்த புண்ணியம்.

கென்டக்கி 1852-இல் ஒரு சட்டம் போட்டுப் பிறப்பு, இறப்பு, கல்யாணங்களைக் கவுண்டிதோறும் பதியச் சொன்னது. பத்து வருடம் நடந்தது, உள்நாட்டுப் போரில் படுத்துவிட்டது. அந்த இறப்புப் பதிவேட்டில் இறந்தவரின் பெற்றோர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பாட்டி இறந்தது 1856. எஸ்டில் கவுண்டிக்கு அந்த வருடத்து ஏடு பிழைத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், எல்லாக் கவுண்டியிலும் எல்லா வருடமும் பிழைக்கவில்லை. பாட்டியின் அக்கா தங்கை அண்ணன் தம்பி யாராவது அதே பத்து வருடத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் அவர்கள் வரியும் உதவும்.

இரண்டாவது, தாத்தாவின் 1812 போர். 1855 மார்ச்சில் வந்த சட்டம், 14 நாள் சேவை செய்த சிப்பாய்க்கும், அவர் இல்லாவிட்டால் அவருடைய விதவைக்கும், 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. பாட்டி அப்போது விதவை, வயது 75. மனுப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு. மனுவில் யாரை, எங்கே, எந்தத் தேதியில் கட்டினேன் என்று சொல்ல வேண்டும், பல மனுக்களில் “கல்யாணத்துக்கு முன் என் பெயர் இன்னது” என்ற வரியும் இருக்கும். கூடவே “இவளைச் சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும்” என்று ஒரு கிழவர் சத்தியம் செய்திருப்பார். அந்தக் கிழவர் யார் என்று விசாரியுங்கள், அண்ணனோ தம்பியோவாக இருக்கலாம். இந்தக் கோப்புகள் நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இதற்கு முந்தைய புரட்சிப் போர், அதாவது அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஓய்வூதியக் கோப்புகளில், கல்யாணத்துக்கு வேறு சாட்சி இல்லாத விதவைகள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் இன்னமும் கோப்புக்குள் இருக்கின்றன. பாட்டியின் அம்மா பெயரில்கூட அப்படி ஒரு கோப்பு இருக்கலாம்.

இப்போது அந்த மூன்று பெயர்கள். டேனியல் பூனின் மனைவி ரெபெக்கா, பிரையன் வீட்டுப் பெண். லெக்சிங்டன் பக்கத்தில் பிரையன் ஸ்டேஷன் என்ற கோட்டைக் குடியிருப்பு அவர்கள் ஆட்கள் போட்டதுதான். ஆகவே ‘பிரையன்’ மரமும் உங்கள் மாமியாரின் ‘பூன் உறவு’ம் இரண்டு சாட்சி அல்ல. ஒரே பேச்சு இரண்டு வாயில் வந்திருக்கலாம். பூன் நிறுவிய பூன்ஸ்பரோ குடியிருப்பு இருப்பதும் மேடிசனில்தான், அந்தப் பக்கத்தில் பூனுக்கு உறவில்லை என்று சொல்லும் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஹாரிஸ் மரத்தைப் போட்டவர் எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். “இன்னொரு மரத்தில் இருந்தது” என்று பதில் வந்தால் அதைத் தள்ளிவைத்துவிடுங்கள். நூறு பேர் நகல் எடுத்தாலும் சாட்சி ஒன்றுதான், அதுவும் பொய்ச்சாட்சியாக இருந்தால் கேட்க வேண்டாம்.

கடைசியாக, பெயரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பிடியுங்கள். மேடிசனின் வருடாந்தர வரிப் பட்டியலில் 1799-ஐ ஒட்டித் தாத்தாவுக்கு அடுத்த நிலம் யாருடையது? அவர் நிலம் வாங்கி விற்ற பத்திரங்களில் யார் சாட்சி? கல்யாணத்துக்குக் குதிரையில் நாற்பது மைல் போன காலம் இல்லை அது, பெண் பெரும்பாலும் பக்கத்து ஓடைக்கரையிலிருந்துதான் வருவாள். பக்கத்து நிலக்காரர் யாராவது உயிலில் “மகள் பாலிக்கு ஒரு படுக்கை, ஒரு பசு” என்று எழுதி, உங்கள் தாத்தாவின் குடும்பப் பெயரைச் சேர்த்திருந்தால் வேலை முடிந்தது. உயில் எழுதாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது! பாகப்பிரிவினைக்குக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், வழக்கில் எல்லா மகள்களும் மருமகன்களும் வரிசையாக நிற்பார்கள். ஃபேமிலிசர்ச்சில் இப்போது கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் இயந்திரம் படித்து, உள்ளே இருக்கும் எந்தப் பெயரையும் தேட விடுகிறது. தாத்தாவின் முழுப்பெயரோடு ‘பாலி’யையும் போட்டு ஒரு ராத்திரி உட்காருங்கள்.

கேள்வி: ஒரே பெண்ணுக்கு உயிலில் மேரி, வரிப் பட்டியலில் பாலி என்று இருக்கிறது. இரண்டு மனைவியா? – ஒரு வாசகர், சின்சினாட்டி

பதில்: அவசரப்பட்டுத் தாத்தாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்காதீர்கள். பாலி என்பது மேரியின் செல்லப்பெயர். சாலி என்றால் சாரா, பாட்ஸி என்றால் மார்த்தா, பெக்கி என்றால் மார்கரெட், நான்சி பல சமயம் ஆன். ஆங்கிலத்தின் உறவுச் சொற்களும் அப்படித்தான், அன்றைக்கு ‘மதர் இன் லா’ என்று எழுதியது மாற்றாந்தாயாகக்கூட இருக்கும். ‘கசின்’ என்றால் அத்தை மகனா, பெரியப்பா மகனா, ஒன்றுவிட்டவனா, கடவுளுக்கே வெளிச்சம். ‘ஜூனியர்’ என்றால் மகன் என்றும் நம்பாதீர்கள். அதே ஊரில் அதே பெயரில் இருந்த வயதில் இளையவர், அவ்வளவுதான்.

கேள்வி: கல்யாணப் பத்திரத்தில் பெண்ணின் குடும்பப் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் அந்தக் கவுண்டியில் ஒரு குடும்பமும் இல்லை. எப்படி? – ஒரு வாசகி, நாஷ்வில்

பதில்: அது முதல் புருஷனின் பெயரோ என்று பாருங்கள். எல்லைப்புறத்தில் ஆண்கள் சீக்கிரம் இறந்தார்கள், விதவைகள் சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டார்கள். லிங்கனின் அப்பா 1819-இல் எலிசபெத்டவுனில் இரண்டாவதாகக் கட்டிய சாராவின் பெயர் கல்யாணப் பதிவில் ஜான்ஸ்டன். அவர் பிறந்ததோ புஷ் குடும்பத்தில். பதிவை மட்டும் நம்பியவர் ஜான்ஸ்டன் வீட்டு வாசலில் காத்திருப்பார். உங்கள் பாட்டிக்கு அப்போது 25 வயதுக்கு மேல் என்றால், ஏழெட்டு வருடம் பின்னே போய் அதே முதல் பெயரில் இன்னொரு கல்யாணம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதற்கு? டிஎன்ஏ சோதனை செய்தால் பெயர் தெரிந்துவிடாதா? – ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: டிஎன்ஏவில் குடும்பப் பெயர் எழுதியிருக்காது. ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக 128-இல் ஒரு பங்கு, அதுகூட இல்லாமலும் போகலாம். அம்மா வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ நீர்த்துப்போகாது. ஆனால் பாட்டி, மகள், பேத்தி என்று பெண்வழி அறுபடாமல் வந்த ஒருவர் உயிரோடு வேண்டும். லிங்கனின் அம்மா நான்சி ஹாங்க்ஸுக்கு அப்படி யாரும் இல்லை, ஒரே மகள் சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்துவிட்டார். ஆராய்ந்தவர்கள் மேலே ஏறி, நான்சியின் தாய் லூசியின் பக்கத்துப் பெண்வழிகளில் கீழே இறங்கினார்கள். லூசி ஷிப்லி குடும்பத்துப் பெண் என்று ஒரு கட்சி, ஆன் லீ ஹாங்க்ஸின் மகள் என்று இன்னொரு கட்சி. நூறு வருடச் சண்டை 2015-இல் ஆன் லீ பக்கம் தீர்ந்தது. கவனியுங்கள், எந்த இரண்டு குடும்பங்களை ஒப்பிடுவது என்பதைக் காகிதங்கள்தான் முதலில் சொல்லின. உங்கள் வீட்டில் ஷிப்லி யார், ஹாங்க்ஸ் யார் என்று தெரிந்த பிறகு அந்தச் சோதனைக்குப் பணம் கட்டுங்கள்.