கடலுக்கு அப்பால் ஒரு மன்னர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் காட்டும் ஒரு தொடரில், எல்லோரும் மன்னரை வாழ்த்திக் குடிக்கும்போது ஒருவர் மட்டும் கோப்பையைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாகக் கொண்டுபோகிறார். ஏதாவது சடங்கா? (வாசகர், தென்காசி)

பதில்: சடங்கு மாதிரி தெரியும், உள்ளே கள்ளத்தனம். 1688 டிசம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பி ஓடினார். அவர் வம்சத்துக்குத்தான் முடி உரியது என்று நின்றவர்கள் ஜாக்கபைட்டுகள். ஜேம்ஸ் என்ற பெயர் லத்தீனில் ஜாக்கோபஸ். அந்த வம்சத்துக்குத்தான் முடி என்று எழுதி வெளியிட்டால் ராஜத்துரோகம், தலை போகும். அதற்காக விருந்தில் மன்னரை வாழ்த்தாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. எந்த மன்னர் என்று வாய் சொல்ல வேண்டாம். தண்ணீருக்கு மேலே கோப்பை நகர்ந்தால் போதும், கடலுக்கு அப்பால் இருப்பவர் என்று அர்த்தம். பார்த்தவர் போய் என்ன சாட்சி சொல்வார், கை நகர்ந்தது என்றா?

இன்னொரு வாழ்த்து இதைவிடக் குறும்பு. 1702இல், ஜேம்ஸின் முடியைப் பெற்ற மூன்றாம் வில்லியத்தின் குதிரை, அகழெலி தள்ளிய மண்மேட்டில் இடறியதாகச் சொல்வார்கள். விழுந்ததில் காரை எலும்பு முறிந்து, சில நாளில் இறந்தார். ‘கறுப்பு வெல்வெட் போட்ட குட்டிக் கனவானுக்கு’ என்று ஜாக்கபைட்டுகள் குடித்தார்கள். கனவான், அந்த எலிதான்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. அதில் சாயம் சிந்தியதுபோல வளைந்த தீற்றல், வேறொன்றுமில்லை. பளபளக்கும் உருளை ஒன்றைத் தட்டில் நிறுத்தினால் அதன் மேல் ஜேம்ஸின் பேரன், இளவரசர் சார்லஸ் எட்வர்டின் முகம் தெரியும். உருளையை எடுத்தால் மறுபடி கறை.

கேள்வி: ரோஜா செதுக்கிய பழைய ஒயின் கோப்பையை ஜாக்கபைட் கோப்பை என்று விற்கிறார்கள். எப்படிச் சோதிப்பது? (வாசகர், கோவை)

பதில்: ரோஜாவை நம்பாதீர்கள். ரோஜாவும் இரண்டு மொட்டுகளும் உண்மையான குறிகள்தான். மலர் முடி என்றும், மொட்டுகள் அதற்கு உரியவர்கள் என்றும் பொதுவாகப் பொருள் சொல்வார்கள். ஆனால் அதையெல்லாம் யாரும் பின்னால் செதுக்கிவிடலாம்.

முதலில் கண்ணாடி. அந்தக் காலத்து ஈயக் கண்ணாடி கனமாக இருக்கும், லேசான சாம்பல் நிறம் ஓடும், மெதுவாகச் சுண்டினால் மணிபோல ஒலி நீளும். அடித்தட்டு பெரும்பாலும் வாய் விளிம்பைவிட அகலம். அதன் அடியில், செய்யும்போது கோப்பையைப் பிடித்திருந்த கம்பியிலிருந்து உடைத்தெடுத்த சொரசொரப்பான தழும்பு இருக்க வேண்டும். இவ்வளவும் தேறினாலும் ஏமாறலாம்: அசல் பழைய வெற்றுக் கோப்பையில் புதிதாகச் செதுக்குவதுதான் பெரிய மோசடி. அங்கே கண்ணாடியின் வயது உங்களைக் காப்பாற்றாது. பத்து மடங்கு லென்ஸில் செதுக்கலைப் பாருங்கள். புது வெட்டு கூர்மையாக, மாவு தூவியதுபோல வெண்மையாக இருக்கும். பழைய தேய்மானக் கீறல்களை வெட்டிக்கொண்டு செதுக்கல் போனால், கீறலுக்குப் பிறகுதான் ரோஜா வந்திருக்கிறது. பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரான்சில் மன்னராட்சி திரும்பிவரும் கட்டத்தில் கொடியால் கெட்டதாமே? (வாசகர், மதுரை)

பதில்: ஆமாம். 1871 பிப்ரவரித் தேர்தலில் சபையில் பெரும்பான்மை மன்னர் கட்சிக்கு. ஆனால் அது போர்போன், ஓர்லியான் என்ற அரச குடும்பக் கிளைகளின் பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. போர்போன் கிளையின் பிள்ளையில்லாத ஷாம்போர் கோமான் முதலில், அவருக்குப் பின் ஓர்லியான் கிளை என்று 1873இல் ஒத்துப்போனார்கள். கோமானோ மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், முன்னோரின் வெள்ளைக் கொடிதான் என்று அக்டோபர் 27 தேதியிட்ட கடிதத்தில் அடித்துச் சொன்னார். ராணுவமும் ஓர்லியான்காரர்களும் மூவர்ணத்தை விடத் தயாரில்லை. பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை: 1875 ஜனவரியில் குடியரசு, 353க்கு 352 என்று ஒரே வாக்கில் சட்டத்தில் நுழைந்தது.

கேள்வி: ஜாக்கபைட்டுகளின் ‘மன்னர்’ இன்றும் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: நேர் வம்சம் 1807இல், சார்லஸின் தம்பி கார்டினல் ஹென்றியோடு முடிந்தது. கணக்குப்படி உரிமை, 1933இல் பிறந்த பவேரியக் கோமகன் ஃப்ரான்ஸுக்குப் போகிறது. அவர் அதைக் கோருவதில்லை.