கரண்ட் இல்லாத மலைக் கொட்டகை: சோலாரில் குஞ்சுக்குச் சூடு கொடுக்க முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தோட்டத்துக்குள் கோழிக்கொட்டகை. கரண்ட் லைன் கிடையாது. 60 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன, கார்த்திகை பிறந்தால் முட்டை பாதியாகிவிடுகிறது. மார்கழியில் 100 குஞ்சு இறக்க நினைக்கிறேன். 1 கிலோவாட் சோலார், இன்வெர்ட்டர், சூட்டு பல்பு போட்டால் பனியைச் சமாளிக்கலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சத்துக்கு சோலார் போடுங்கள், சூட்டுக்குப் போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்று சமவெளியிலேயே வைப்பார்கள். 100 குஞ்சுக்கு 200 வாட், அதை ராத்திரி 14 மணி நேரம் எரித்தால் 2.8 யூனிட். ஒரு 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூப்லர் பேட்டரியில் உள்ளது 1.8 யூனிட், பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதிதான் எடுக்கலாம். ஆக ஒரு ராத்திரிக்கே மூன்று பேட்டரிக்கு மேல். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் 4 யூனிட் கொடுக்கும், மூடுபனி இறங்கினால் 1 யூனிட் வந்தாலே பெரிது. வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கச் சரிவில்தான் நன்றாகப் பிடிக்கும், மூன்று நாள் சேர்ந்தாற்போல் சூரியன் தெரியாது. குஞ்சுக்குச் சூடு அதிகம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் பேட்டரி காலியாக இருக்கும்.

வளர்ந்த கோழிக்குச் சூடே தேவையில்லை, இறகு போதும். அதற்கு வேண்டியது காய்ந்த தரை. உமியோ தேங்காய் நார்க் கழிவோ மூன்று அங்குலம் போட்டு வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி அடைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. காலையில் உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது, சளி பின்னாலேயே வரும். காற்றடிக்கும் பக்கம் மட்டும் கட்டிவிட்டு, மேலே ஓரடி திறந்து விடுங்கள்.

முட்டை குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் குளிர் இல்லை, பகல் சுருங்குவதுதான். டிசம்பரில் உங்களுக்குப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 வேண்டும். 9 வாட் 12 வோல்ட் டிசி எல்இடி பல்பு இரண்டு, டைமர் வைத்து அதிகாலை 3.30 முதல் 6.45 வரை. கோழியின் தலை மட்டத்தில் பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். சாயந்தரம் நீட்டாதீர்கள், விளக்கு பட்டென்று அணைந்தால் பரணில் ஏறாத கோழி இருட்டில் கீழேயே நின்றுவிடும். இதற்கு நாளைக்கு 60 வாட்-மணி கூட ஆகாது. 100 வாட் பேனல், 40 ஏஎச் பேட்டரி, பேட்டரிக்கு அளவாகச் சார்ஜ் ஏற்ற ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், அவ்வளவுதான். மூன்று நாள் மூடுபனியையும் தாங்கும். நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும் ஜாதி, அதனால் லேயர் (பண்ணை முட்டைக்கோழி) மாதிரி முட்டை கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்து மாதம் ஆகாத பெட்டைகளை இந்த வெளிச்சத்தில் விடவும் கூடாது.

டிசி பல்பு பேட்டரியிலிருந்து நேராகவே எரியும், இன்வெர்ட்டர் இதில் வேண்டவே வேண்டாம். சும்மா ஆனில் இருந்தாலே 10, 15 வாட் தின்னும். நானே ஒரு முறை இரண்டு பல்புக்காக இன்வெர்ட்டரை ராத்திரி முழுக்க விட்டு, பல்பு எரிந்ததைவிட அது குடித்ததுதான் அதிகம் என்று பேட்டரி படுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேனலைத் தெற்குப் பார்த்து 25 டிகிரி சாய்த்து வையுங்கள். சில்வர் ஓக் மரத்தின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூட உற்பத்தி சரிந்துவிடும், டிசம்பரில் நிழல் இன்னும் நீளமாக விழும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நேரில் நின்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

அப்புறம் குஞ்சு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். கேஸ் புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கேஸ் அடுப்பு) இருந்தால் நல்லது, இல்லையென்றால் மண்பானையில் கரி, சுற்றிலும் குஞ்சு நெருங்காதபடி கம்பி வலை. கரியை வெளியே பற்றவைத்து, புகை அடங்கித் தணலான பிறகே உள்ளே கொண்டுபோங்கள். கரியோ கேஸோ, மேலே காற்றுப் போக வழி இருந்தே ஆக வேண்டும். குஞ்சுகள் வலையை ஒட்டிக் குவிந்து கிடந்தால் சூடு பத்தவில்லை, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம்.

என்னைக் கேட்டால் மார்கழியில் இறக்கவே வேண்டாம். மாசி பாதிக்கு மேல் இறக்குங்கள், கரிச் செலவும் குறையும். மார்கழியில்தான் வேண்டுமென்றால், கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு மாதம் வளர்த்த குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள்.