அட்லாண்டா புறநகர் அரசுப் பள்ளியின் கலைப் பிரிவில் இடம் பெறுவது எப்படி?

எட்டாவது படிக்கும் மகளை மேபிள்டனில் உள்ள பெபிள்புரூக் உயர்நிலைப் பள்ளியின் நிகழ்த்துகலைப் பிரிவில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முயலலாம். அது காப் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசுப் பள்ளி, கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் இந்தப் பிரிவில் இடம் தானாகக் கிடைக்காது. இது ‘மேக்னெட்’ எனப்படும், பள்ளிக்குள்ளேயே இயங்கும் தனிப் பிரிவு, ஆடிஷனில் (திறமையை நேரில் காட்டும் தேர்வில்) தேற வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாட்டு ஆடிஷனில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் சுருதியைத் தேர்ந்தெடுப்பதில்தான். மூலப் பாடகரின் சுருதியிலேயே கரோக்கியை (குரலில்லாத பின்னணி இசையை) ஓடவிட்டால், மேலே போகும்போது தொண்டை இறுகி, கடைசி வரியில் குரல் பிசிறும். சில வாரம் முன்பே அரைச் சுரம், ஒரு சுரம் என்று இறக்கிப் பாடிப் பார்த்து, குரல் சிரமமின்றி நிற்கும் சுருதியை உறுதிசெய்யுங்கள். கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் சுருதி பிசகாது. மேற்கத்திய நோட்டைப் பார்த்துப் பாடத்தான் தனிப் பயிற்சி தேவை, தினம் 10 நிமிடம்.