மொட்டைமாடி யோகா, வெள்ளியம்பலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலையில் யோகா வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். யோகத்தின் எட்டு அங்கம், அதில் இயமம், நியமம் என்கிற ஒழுக்கங்கள் என்று சொல்லித்தான் தொடங்குவேன். ஐந்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. சரியென்று பாட்டுப் போட்டு வேகமாகச் செய்யவைத்தால் உற்சாகமாகச் செய்கிறார்கள், ஆனால் எனக்கு அது வெறும் உடற்பயிற்சியாகத் தெரிகிறது. "தொப்பை குறையுமா டீச்சர்?" என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. இஸ்லாமியப் பெண் ஒருவர் வருகிறார், ஓம் சொல்லும்போது சங்கடப்படுகிறார். ஆன்மிகமும் குறையாமல், அலுப்பும் வராமல் எப்படிச் சொல்லித்தருவது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தொப்பைக்காக வருவதில் தப்பே இல்லை. அதற்காகவாவது ஒரு பெண் காலையில் அடுப்படியை விட்டு மாடியேறி வருகிறாரே! யோகாவால் மட்டும் குறையாது, சோற்றையும் பார்க்கவேண்டும் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சத்தியம் இயமத்தில் வருவதுதானே, பாடம் நடத்திய மாதிரியும் ஆயிற்று.

நீங்கள் சொல்லும் விஷயம் சரி, சொல்லும் நேரம்தான் இடிக்கிறது. இலை போடுவதற்கு முன்பே ரசத்தின் பெருமையைப் பேசினால் பந்தியில் யார் கேட்பார்கள்?

மதுரையில் இருந்துகொண்டு இதற்கு வேறெங்கும் போகவேண்டாம். மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். வழக்கமாகத் தூக்குவது இடக்கால். காரணத்தைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. 64 கலைகளில் ராஜசேகர பாண்டியன் கற்காமல் விட்டிருந்தது பரதம் ஒன்றைத்தான். அதையும் கற்கத் தொடங்கினான், உடம்பெல்லாம் வலி. கொஞ்ச நாள் ஆடிய நமக்கே இப்படியென்றால், ஓயாமல் ஒரே காலை ஊன்றி நிற்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கால் மாற்றி ஆடாவிட்டால் வாளில் விழுந்து சாவேன் என்று கண்ணை மூடி நின்றான். இறைவன் மாற்றி ஆடினார்.

பாண்டியன் அதற்கு முன்பும் கும்பிட்டவன்தான். தன் கால் கடுத்த பிறகே அந்த ஊன்றிய கால் அவன் கண்ணில் பட்டது.

விருட்சாசனத்தில் இதைச் செய்து பாருங்கள். முதலில் கதை வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கட்டும், முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும். கணுக்கால் நடுங்க ஆரம்பித்தால் பேச்சு தானாக அடங்கும். மறுகாலிலும் நின்று முடித்து, உட்கார்ந்து, அவரவர் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும்போது பாண்டியனைக் கொண்டுவாருங்கள். மூன்று நிமிடம் போதும். எந்தக் கால் தடுமாறியது என்று மட்டும் கேளுங்கள். தத்துவ விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள்.

மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வந்த பதஞ்சலி, வியாக்கிரபாதர் என்ற இரு முனிவர்களும் தில்லைக் கூத்தைப் பார்க்காமல் சாப்பிடமாட்டோம் என்று சொன்னதால்தான் வெள்ளியம்பலத்தில் ஆட்டமே நடந்தது என்பதும் அதே புராணம்தான். யோக சூத்திரம் செய்த பதஞ்சலியும் இந்தப் பதஞ்சலியும் ஒருவரா என்பது ஆராய்ச்சிக்காரர்களின் சண்டை, உங்கள் மாடிக்கு அது எதற்கு? 190-க்கும் மேற்பட்ட சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றுதான். இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பது முதலாவது. ஒவ்வொரு ஆசனத்திலும் "மூச்சுத் திணறுகிறதா? முகத்தைச் சுளிக்கிறீர்களா?" என்று கேட்டால் அந்தச் சூத்திரத்தை நடத்தியாயிற்று. வேகப் பாட்டு ஓடும்போது இதைக் கேட்கவே முடியாது. பாட்டின்மேல் எனக்குள்ள கோபம் அவ்வளவுதான். (புல்லாங்குழல் போட்டுக் கண்ணை மூடச்சொல்வதும் எனக்குப் பிடிக்காது, அது என் தனிப்பட்ட எரிச்சல்.)

மூச்சில் மட்டும் மரபை அப்படியே எடுத்து நீட்டாதீர்கள். திருமூலர் 16 மாத்திரை (கண்ணிமைக்கும் பொழுது) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 64 ஆகாது. அடக்கச் சொல்லாமல், இழுப்பதைவிட விடுவது சற்று நீளட்டும்.

அப்புறம் சவாசனம், கடைசியில் அசையாமல் மல்லாந்து படுப்பது. பல வகுப்புகளில் இது பாயைச் சுருட்டுவதற்கு முந்தைய இரண்டு நிமிடம். 1896 ஜூலையில் உங்கள் ஊர் சொக்கப்ப நாயக்கன் தெருவில், ஒரு மாடி அறையில் 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. அவர் ஓடவில்லை. பிணம்போலக் கைகாலை நீட்டி விறைத்துப் படுத்து, மூச்சையும் அடக்கி, இந்த உடம்பு செத்தால் நானும் செத்தேனா என்று பார்த்தார். அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. வீடு இப்போது ரமண மந்திரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்ச் சும்மா உட்காரவையுங்கள், கதையை அங்கே சொல்லுங்கள். மாடியில் படுத்திருக்கும்போது "செத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவேண்டாம். சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்த ஒருவர் அங்கே இருக்கலாம்.

ஓம் பற்றி: சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம், மற்றவர்கள் அதே நேரம் மூச்சை நீளமாக விடலாம் என்று மொத்த வகுப்புக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னால் சங்கடம் இன்னும் கூடும்.